இல்லாத கட்டை

பந்தயப் புறாச் சங்கத்துக்குப் போய் வருகிறவன் காலணிக்குள் கடல் மணல் எப்படி வரும்?

க்ரீனா அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. நான்கு மாதமாக நாக்குக்கு அடியிலேயே வைத்திருந்தாள். அது கரையவும் இல்லை, துப்பவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வெங்காயக் கிடங்கில் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அவள் கணவன் மரீன் வீட்டுக்கு வந்து பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டு, "சங்கத்துக்குப் போயிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுப்பான். இருட்டும் நேரத்துக்குத் திரும்புவான். மறுநாள் அவன் காலணியைப் பின்வாசலில் கவிழ்த்துத் தட்டினால் வெள்ளை மணல் உதிரும். மாவாய் அரைத்தது போன்ற மணல். அவர்கள் ஊரான நியூலாண்டில் இருப்பதெல்லாம் களிமண். காலில் அப்பினால் கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். இந்த மணல் கடலோரத்தில் மட்டும்தான் உண்டு.

மார்ச் மாதம் ரொட்டிக் கடையில் புறாச் சங்கத்துச் செயலாளர் அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன் வீட்டுக்காரன் எங்கள அடியோட மறந்துட்டானா? கிறிஸ்மஸுக்கு அப்புறம் தலையே காட்டலயே!"

"குழந்தையோட சரியாப் போயிடுது" என்று அவள் சிரித்தாள். பொய் இத்தனை வழவழப்பாகத் தன் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது. யாரைக் காப்பாற்ற அதைச் சொன்னோம் என்று வீடு வரும்வரை யோசித்தாள். அவனையா, தன்னையா?

இன்னும் ஒன்று. இப்போதெல்லாம் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்க்கிறான். குற்றமுள்ள கண் அப்படித்தான் நழுவும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்று வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய பரமேறுதல் திருநாள். விடியற்காலையில் பனி மிதித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் கிளம்புகிற நாள். எங்கே போவது என்று முடிவு செய்வது மரீனின் அண்ணன் ஆரியின் உரிமை. கிடங்கில் அவர் மேஸ்திரி. குடும்பத்திலும் அதேதான். ஆனால் இந்த வருஷம் ஆரி வாய் திறக்குமுன் மரீன் முந்திக்கொண்டான்.

"தோம்பர்க் போலாம்."

"தோம்பர்க்கா? எதிர்க்காத்துடா. உன் அண்ணி பெப் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வருவா."

"யன்னா கடல் பாக்கணும்கிறா."

மூன்று வயது யன்னா அப்படி எதையும் கேட்கவில்லை. பதினைந்து வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அவள் கேட்டது, கேட்காதது எல்லாம் க்ரீனாவுக்குத் தெரியும். ஆகவே தோம்பர்க்கில் யாரோ இருக்கிறார்கள். இருக்கிறவளைத் தன் கண் முன்னாலேயே பார்த்துவிட்டு வரும் துணிச்சலும் இவனுக்கு வந்துவிட்டது.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிப் பாலாடைக்கட்டி வைத்துக் காகிதத்தில் சுற்றினாள். ஆறு முட்டை அவித்தாள். போலுஸ் அப்பங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் டப்பாவில் அடுக்கினாள். சுருள் சுருளாக, பட்டையும் சர்க்கரைப் பாகும் பிசுபிசுக்கும் அப்பம். ஃப்ளாஸ்க்கில் காப்பி. வெளியே மரீன் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு 'க்ளிக்' என்று ஓர் ஓசை. யன்னாவின் சின்ன இருக்கையை அவன் தன் சைக்கிளின் முன்பக்கம் மாட்டுகிறான். அந்த இருக்கை மாட்டும் கொக்கி இருவர் சைக்கிளிலும் உண்டு. நெடும் பயணம் என்றால் யன்னா அப்பாவோடுதான் வருவாள்.

ஆறு மணிக்கு ஆரியும் பெப்பும் வந்தார்கள்.

"என்னடா மரீன், சக்கரத்துக்குக் காத்தடிக்கிறியா, வெங்காய மூட்டை தூக்குறியா? இப்படி மூச்சு வாங்குற?"

"வயசாகுதுல்ல."

"உனக்கு வயசானா எனக்கு என்ன ஆகுறது? சவப்பெட்டிக்கு அளவெடுக்கணுமா?"

"வாய மட்டும் தனியா புதைக்கணும். அதுக்கு வேற பெட்டி வேணும்" என்றாள் பெப்.

புறப்பட்டார்கள். முன்னால் மரீன், அடுத்து க்ரீனா, பிறகு பெப், கடைசியில் ஆரி. கால்வாய்த் தண்ணீரின்மேல் பனி இன்னும் எழாமல் கிடந்தது. கருக்கலில் தேவாலயக் கூரைகள் மட்டும் மிதந்தன. ஊர் தாண்டியதும் காற்று எதிரே வந்து மாரில் கை வைத்துத் தள்ளியது. உருளைக்கிழங்கு வரப்புகளில் பச்சை இப்போதுதான் முளைவிட்டிருந்தது. இருபக்க வேலியிலும் முட்செடி வெள்ளையாய்ப் பூத்து, லேசாய்க் கெட்டுப்போன பாலின் வாடை அடித்தது.

சைக்கிள் பாதையின் நடுவில் அங்கங்கே கார் நுழையாமலிருக்க இடுப்பளவுக் கட்டை நட்டிருப்பார்கள். முன்னால் போகிறவர் அதைக் கண்டதும் "கட்டை!" என்று கத்த வேண்டும். பின்னால் வருகிறவர் ஒவ்வொருவரும் அதைத் தம் பின்னால் வருபவருக்குக் கத்திக் கடத்த வேண்டும். பேச்சு வரும் முன்பே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வழக்கம் அது.

"கட்டை!" என்றான் மரீன்.

"கட்டை!" என்றாள் க்ரீனா.

"த்தை!" என்று முன்னிருக்கையிலிருந்து யன்னா கத்த, பெப் சிரித்துக்கொண்டே கடத்தினாள்.

ஆரி பின்னாலிருந்து வேலைக் கதையை அவிழ்த்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ரெண்டு லாரி வருது, மரீன். கேக்குதா? ஆள் வேற பத்தல. அந்தப் போலந்துக்காரன் டாரெக்க வேலைய விட்டு அனுப்புனதுலேர்ந்து எனக்கு நிம்மதியே இல்ல."

"நீதான அனுப்புன" என்றாள் பெப்.

"அனுப்பாம? பெட்டிய ஒழுங்கா அடுக்கியிருந்தா பதினாறு பெட்டி அப்படிச் சரியுமா? மரீன் ஃபோர்க்லிஃப்ட்டால லேசா முட்டுனான், அவ்வளவுதான், மொத்தமும் மடமடன்னு. நல்ல காலம் கீழ ஆள் இல்ல. அவன் என்னடான்னா, 'நான் நேராத்தான் அடுக்குனேன், நேராத்தான் அடுக்குனேன்'னு அழுவுறான்."

மரீன் வேகமாக மிதித்தான். அவன் உதடுகள் அசைவதை, பக்கத்தில் வந்தபோது க்ரீனா பார்த்தாள். பாட்டு முணுமுணுக்கிறானா? இல்லை. எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வேலி முடியும் இடத்தில் எண்ணுவதை நிறுத்தினான். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

என்ன கணக்கு இது? அவளிடம் போய்ச் சேர எத்தனை மிதி என்றா?

க்ரைப்ஸ்கெர்க் தாண்டி, மாட்டுப் பண்ணை ஒன்றை ஒட்டிப் பாதை வளைந்தது.

"கட்டை!" மரீன் உரக்கக் கத்தி, வலது பக்கமாக அழகாக ஒடித்து, மறுபடி நடுவுக்கு வந்தான்.

"கட்டை!" என்று க்ரீனாவும் ஒடித்தாள். பெப்பும் ஒடித்தாள்.

"கட்... எங்கடா கட்டை?"

ஆரி நின்றுவிட்டார். எல்லோரும் நின்றார்கள். பாதை நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகப் புதுத் தார் கறுப்பாய் மின்னியது. கட்டை இல்லை.

ஆரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேத்துதான்டா புடுங்குனாங்க! தபால்காரர் பையன் மோதித் தோள்பட்டை ஒடிஞ்சுதே, அதுக்காக. இல்லாத கட்டைக்கு வழி விட்டு, நம்ம மூணு பேரையும் வழி விட வச்சான் பாரு! இவனோட பின்னால போனா, இல்லாத ஆத்துல நீந்த வச்சிருவான்!"

"பழக்கம்" என்றான் மரீன்.

"என்ன பழக்கம்? நீ இந்தப் பக்கம் வந்து எட்டு வருஷம் இருக்காது?"

மரீன் யன்னாவின் குல்லாயைச் சரிசெய்தான். குல்லாய் சரியாகத்தான் இருந்தது.

க்ரீனா அந்தத் தார் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்து வந்து பழகிய பாதை. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. அவன் அன்று போய்த் திரும்பிய பிறகு பிடுங்கியிருக்கிறார்கள். அத்தனைக்கும் மேலே, இல்லாததைக்கூட இருப்பதாகக் காண்கிற அளவுக்கு மனசு வேறெங்கோ போய்விட்டதா?

தோம்பர்க் எல்லையில், நாயோடு நடந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர் கடைசி நொடியில் புல்லுக்குள் தாவினார். மரீனின் கைப்பிடி அவர் கோட்டை உரசிக்கொண்டு போனது.

"கண்ண எங்க வச்சிட்டு வர? பிள்ளைய வேற முன்னால உக்கார வச்சிருக்க!"

"மன்னிக்கணும்" என்று மரீன் அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துச் சொன்னான்.

தோம்பர்க்கில் மணல்மேட்டின் மேலே ஒரு பலகைக் காப்பிக்கடை. மற்றவர்கள் உள்ளே நுழையும்போதே க்ரீனாவின் கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பரிமாறுவதற்கு இரண்டு பெண்கள். ஒருத்தி இருபத்தைந்து வயது, மஞ்சள் சடை, வெயில் பட்டுச் சிவந்த தோள். இவள்தான் என்று முடிவு கட்டினாள். ஆனால் அந்தப் பெண் மரீனைத் தாண்டி, பக்கத்து மேசைக்குப் போய்விட்டாள்.

மற்றவள்தான் வந்தாள். அறுபதை ஒட்டிய வயது, அகன்ற இடுப்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி.

"செவ்வாய்க்கிழமைக்காரர் வியாழக்கிழமை வந்துட்டாரே! கூட்டத்தோட வேற!"

ஆரியின் புருவம் மேலே போனது.

"யாரோன்னு நெனச்சுட்டீங்க" என்றான் மரீன். குரல் காய்ந்திருந்தது.

அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு க்ரீனாவை. "ஆமாமா. ஒரு நாளைக்கு நூறு முகம் பாக்குறேன்" என்று சட்டென்று மாற்றிக்கொண்டாள். ஆனால் காப்பி வந்தபோது, கோப்பையின் பிடியை மரீனின் வலது கைப்பக்கம் திருப்பி வைத்தாள். வேறு யாருக்கும் அப்படித் திருப்பவில்லை. வைத்ததும் விரல் நுனியால் மேசையை இரண்டு முறை தட்டினாள். அவன் கை நேராகப் பிடிக்குப் போனது.

க்ரீனா எழுந்தாள். "கை கழுவிட்டு வரேன்."

சமையலறைக் கதவருகே அந்தப் பெண் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஹெர்மா என்று பெயர் குத்தியிருந்தது.

"அவருக்கு உங்களத் தெரியும்" என்றாள் க்ரீனா.

"நீங்க அவர் சம்சாரமா?"

"பதினெட்டு வருஷமா."

ஹெர்மா துணியைத் தோளில் போட்டாள். "அப்ப நான் என்னத்த மறைக்கிறது? உங்ககிட்டச் சொல்லிட்டதா போன மாசமே சொன்னாரே. 'சம்சாரத்துக்குத் தெரியும், அவளுக்குப் படிக்க மனசு தாங்கல, அதான் நீங்க படிங்க'ன்னார்."

"எதப் படிக்க?"

ஹெர்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கடுதாசிய. கண்ணாஸ்பத்திரிக் கடுதாசி. ஜனவரியிலேர்ந்து வருது. எங்க வீட்டுக்காரருக்கும் கடைசிக் காலத்துல நான்தான் எல்லாம் படிப்பேன். அதான் இவர் கேட்டப்போ எனக்குத் தப்பாத் தோணல. தாயே, எம்மேல கோவிச்சுக்காதீங்க."

க்ரீனாவுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. பயந்தது நடக்கவில்லை என்கிற சிரிப்பு. ஆனால் அது வரவில்லை. இன்னொரு பெண்ணின் படுக்கைக்குப் போயிருந்தால்கூட அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இவன் தன் கண்ணைக் கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொடுத்திருக்கிறான்.

"கடைசிக் கடுதாசியில என்ன இருந்துது?"

"வண்டி, இயந்திரம் எதையும் ஓட்டக் கூடாதுன்னு. ரெண்டு தடவ படிக்கச் சொன்னார்."

க்ரீனா கடற்கரைக்கு இறங்கியபோது ஆரியும் பெப்பும் யன்னாவைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மரீன் மணலில், காலணியோடு, தனியாக நின்றான். எதிரே கடலுக்குள் வரிசையாக இறங்கிய மரத்தூண்கள், பாசி பிடித்துக் கறுத்து, அலை பின்வாங்கும்போதெல்லாம் பல்லைக் காட்டின.

"தூண் எத்தனை தெரியுது?" என்று கேட்டாள் அவள்.

அவன் திரும்பவில்லை. "ஹெர்மா சொல்லிட்டாளா?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஜனவரியில ஒரு வரிசைல பத்தொம்பது எண்ணுனேன். முந்தாநாள் ஏழு. அதுவும் ஓரத்துல இருக்கறது. நேராப் பாத்தா அங்க எதுவுமே இல்ல, க்ரீனா. இருட்டும் இல்ல. பால் கொட்டுன மாதிரி. கொஞ்சம் தள்ளிப் பாத்தா ஓரமாத் தெரியும்."

"என் மூஞ்சி?"

"நேராப் பாத்தா இல்ல. உன் காதப் பாத்தா மூஞ்சி தெரியும்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதமாக அவள் நழுவுகிற கண் என்று நினைத்தது, அவளைத் தேடிக்கொண்டிருந்த கண். அது மனசைக் கரைத்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கரைந்துவிட்டால் அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது.

"இந்தப் பாதைய மனப்பாடம் பண்ணத்தான் வந்தியா?"

"மொத தடவ, கடுதாசியப் படிக்கச் சொல்ல. நம்ம ஊர்ல யார்கிட்டக் கேக்குறது? சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராவும் தெரிஞ்சுடும். அப்புறம் யோசிச்சேன், பரமேறுதலுக்கு எங்கயாவது போகத்தான் வேணும், நான்தான் முன்னால போவேன். தெரிஞ்ச பாதையா இருந்தா யாருக்கும் தெரியாது. கட்டை மொத்தம் இருபத்திரண்டு. வேலி, வாய்க்கா, எல்லாம் மிதிக்கணக்கு."

"இருபத்தொண்ணு" என்றாள் அவள்.

அவன் காலணியால் மணலைக் கீறினான்.

"டாரெக் நேராத்தான அடுக்கியிருந்தான்?"

அலை வந்து போனது. தூரத்தில் யன்னா ஆரியின் தொப்பியில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லு, மரீன்."

"நேராத்தான் இருந்திருக்கும்." அவன் குரல் அமுங்கியது. "பெட்டி எனக்குத் தெரியல. சத்தம்தான் கேட்டுது."

"கீழ ஆள் இல்லன்னு உனக்குத் தெரியுமா அப்ப?"

அவன் தலை குனிந்தான்.

"தெரியாது" என்று அவளே சொன்னாள்.

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் காதைப் பார்த்தான். "ஆகஸ்டு வரைக்கும், க்ரீனா. புது வெங்காயம் வந்துரும், அப்ப பிரிக்கிற பக்கம் மாத்திக் குடுன்னு நானே ஆரிகிட்டக் கேட்டுக்கறேன். காரணம் சொல்லாமலே. கிடங்குல எனக்கு ஒவ்வொரு தூணும் தெரியும். இப்பத் திரும்பிப் போறப்போ நீ எனக்கு முன்னால போ. கட்டைய மெல்லச் சொல்லு, எனக்குக் கேட்டாப் போதும். நான் சத்தமாச் சொல்றேன். யாருக்கும் தெரியாது. உன்னால முடியும். என்னை அண்ணன் முன்னால..." நிறுத்திக்கொண்டான். "இருபத்தஞ்சு வருஷமா அந்த வண்டிய ஓட்டறேன். அத எடுத்துட்டா நான் யாரு?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காயச் சருகின் மணம் திருநாளில்கூடப் போகாத கை. எதுவும் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போல, மூச்சு விட்டான்.

சொல்லாமலிருப்பது தனக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று அவள் நினைத்தாள். ரொட்டிக் கடையில் வந்தது. நான்கு மாதம் வீட்டில் வந்தது. அவன் மட்டுமா மறைத்தான்? அவளும் கேட்காமல் மறைத்தாள். இரண்டும் சேர்ந்து வாரம் ஐந்து நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

மணல்மேட்டில் போலுஸைத் தின்றார்கள். அடிப்பக்கம் வெண்ணெய் தடவி, பாகு வழிய, விரலைச் சப்பிக்கொண்டு. மரீனுக்குப் பெப் ஒன்றைக் கொடுத்தாள். ஆரி, "செவ்வாய்க்கிழமைக்காரரே, இன்னொண்ணு?" என்று கண்ணடித்தார். மரீனுக்கு அந்தக் கண்ணடிப்பு தெரியாது என்று இப்போது க்ரீனாவுக்குத் தெரிந்தது. அவன் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தான்.

பிறகு எல்லோரும் சைக்கிளை எடுத்தார்கள். காற்று இப்போது முதுகுப் பக்கம். மரீன் தன் சைக்கிளைப் பிடித்து நின்று, யன்னாவைத் தூக்கக் கைகளை நீட்டினான்.

க்ரீனா அவன் சைக்கிளருகே போனாள். முன்னிருக்கையின் கொக்கியை அழுத்தினாள். க்ளிக். இருக்கை கழன்று கைக்கு வந்தது. தன் சைக்கிளில் அதைப் பொருத்தினாள். க்ளிக். அந்தச் சத்தத்துக்கு மரீன் தலை திரும்பியது.

"என்ன பண்ற?"

"என்கூட வரட்டும்."

யன்னாவை உட்கார வைத்தாள். ஆரி சைக்கிளில் ஒரு காலைப் போட்டபடியே கூவினார்: "ராணியம்மா தேர் மாறிட்டாங்களே! என்னடா, பொண்டாட்டிக்கு உம்மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"முட்டி" என்றான் மரீன் வேகமாக. "காலையிலேர்ந்து முட்டி வலி. அதான் பிள்ளைய அவ ஏத்திக்கிறா." பிறகு, மெதுவாக, அவள் காதைப் பார்த்து, "இல்ல, க்ரீனா?"

ஆமாம் என்கிற சொல் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வழவழப்பாக, பழகிய பொய். யன்னாவின் வாரை இழுத்து முடிச்சிட்டாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல, ஆரி" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆரியின் தூக்கிய கால் தரைக்கு வந்தது. பெப் பையை மூடுவதை நிறுத்தினாள். க்ரீனா தன் சைக்கிளைச் சாலைப் பக்கமாக, அவன் எப்போதும் நிற்கிற வெளிப்புறத்துக்கு, நகர்த்தினாள். உள்ளே, புல்வெளியோரம், தன் பக்கத்தில் அவன் சைக்கிளுக்கு இடம் விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.